புதைந்த சக்கரமும் நெகிழும் கயிறும்

சக்கரத்தின் வரலாற்றை எழுதினோர் பலர். அது எந்தெந்த நாடுகளில் உருண்டது, எந்தெந்த மக்களை ஒருவரோடொருவர் இணைத்தது என்பனவெல்லாம் நூல்களில் விரிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அச்சக்கரம் எங்கெங்கே புதைந்தது, புதைந்த வேளையில் எதனைக் கொண்டு மீட்கப்பட்டது என்னும் வரலாற்றைத் தேடுவோர் சிலரே. மாரிகாலத்தில் வன்னி நாட்டின் மண் பாதைகளில் வண்டில் செலுத்தியவர்க்கு இவ்வரலாற்றின் அருமையை எடுத்துக்கூற வேண்டியதில்லை. அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்ட வண்டிலை மேலேற்ற எருதுகளும், நாலைந்து பேரின் தோள்களும், ஒரு கயிறும் வேண்டியிருந்தன. எருதின் இடத்தைப் பின்னர் மோட்டார் யந்திரம் பிடித்துக்கொண்டது. கயிறு தன் இடத்தை விட்டு நீங்கவில்லை. அதன் குணமே மாறிற்று.

அந்தக் குணமாற்றத்தை அறியாமையால் உயிரிழந்தோர் உண்டு. ஆண்டில் இரண்டொரு முறை காட்டுப் பாதைக்கோ கடற்கரை மணலுக்கோ வாகனத்தைக் கொண்டு செல்பவர், முன்னெச்சரிக்கையாக ஓர் இழுவைக் கயிற்றை வாங்க விரும்பிக் கடைக்குச் செல்கின்றார். ஆங்கு அவர் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: “இவற்றுள் மிக வலியது எது?” கேட்பதற்கு இது நியாயமான வினாவாகத் தோன்றும். ஆயினும் கயிற்றின் நீண்ட வரலாறு இவ்வினாவுக்கு இடங்கொடுப்பதாயில்லை.

எகிப்து நாட்டில் தெயிர் எல் பெர்ஷா என்னும் இடத்தில், இற்றைக்கு ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்னும் மாகாண அதிபதியின் கல்லறை உளது. அதன் சுவரில் தீட்டப்பெற்ற ஓவியம், பொருள்களை இழுத்துச் செல்லும் கலையைப் பற்றி உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. பதின்மூன்று முழ உயரமுடைய மாபெருஞ் சிலையொன்று மரச் சறுக்குக் கட்டையின்மேல் கட்டப்பட்டிருக்கின்றது. 172 ஆட்கள் நான்கு வரிசைகளாக நின்று அதனைக் கயிறு பற்றி இழுக்கின்றனர். சறுக்குக் கட்டையின் முன்புறத்தில் நிற்கும் ஒருவன் மணலில் நீர் வார்க்கின்றான். இது ஏதோ சடங்கு என்றே நெடுங்காலம் பலர் கருதியிருந்தனர். 2014 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர்கள் சோதித்துப் பார்த்தபோது, மணலைத் தக்க அளவில் நனைத்தால் இழுக்க வேண்டிய விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றது எனக் கண்டனர். சிலையின் முழங்காலின்மேல் நின்று கைதட்டும் மற்றொருவனையும் அவ்வோவியத்திற் காணலாம். 172 பேரின் இழுப்பும் ஒரே கணத்தில் விழுதற்காகவே அவன் கைதட்டினான் போலும். இழுவையில் பலத்தோடு காலமும் சேர்ந்து வேலைசெய்கின்றது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

எகிப்தியரை விட்டு இந்து சமுத்திரத்திற்கு வந்தால், இவ்வறிவு வேறொரு வடிவில் வளர்ந்திருத்தலைக் காணலாம். தென்னை மட்டையைக் கடலேரிச் சேற்றில் பல மாதம் ஊறவைத்து, அடித்து, தும்பெடுத்து, கயிறாகத் திரிக்கும் தொழில் ஈழத்தின் கரையோரங்களிலும், மலையாள நாட்டிலும், மாலைதீவுகளிலும் தொன்றுதொட்டு நடைபெற்று வந்தது. 1343 ஆம் ஆண்டளவில் மாலைதீவை அடைந்த இபுனு பத்தூத்தா, அங்கிருந்து தும்புக் கயிறு இந்தியாவுக்கும், யேமனுக்கும், சீனத்துக்கும் ஏற்றுமதியானதைக் குறித்து வைத்துள்ளார். அவர் கூறும் காரணம் ஈண்டு நோக்கற்பாலது. இக்கடலில் பாறைகள் மிகுதி. இரும்பாணி அறைந்த மரக்கலம் பாறையில் மோதினால் உடைந்து சிதறும். தும்புக் கயிற்றால் தைக்கப்பட்ட மரக்கலமோ சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கண்டறிந்த செய்தி. அடியைத் தாங்குவது உறுதி என்றே எவரும் எண்ணுவர். நெகிழ்வும் தாங்கும் என்பதை இக்கடலோரத்துத் தச்சர் தைத்தே காட்டினர்.

வலிமையில் தும்புக் கயிறு மணிலாக் கயிற்றுக்கு மிகவும் பிற்பட்டது. அவ்வாறிருந்தும், பிற்காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் பெருங் கப்பல்களைக் கட்டியிழுக்கும்போது தும்பு வடத்தையே விரும்பி எடுத்ததுண்டு. அலையொன்று வந்து இரு கப்பல்களையும் எதிரெதிராக உந்தும்போது, நெகிழாத வடமாயின் ஒரு நொடியில் அறும்; அல்லது அது கட்டப்பட்டுள்ள தூணைப் பிடுங்கிக்கொண்டு போகும். தும்பு வடம் நீண்டு கொடுக்கும். அலை தணிந்ததும் மீண்டும் சுருங்கும். நீரில் மிதப்பது அதன் மற்றொரு நற்குணம். தென்னந்தோப்பில் பிறந்த இவ்வேழைக் கயிறு, இன்றைய நைலோன் பட்டியின் மூதாதை என்று கூறினும் மிகையாகாது.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் யந்திர யுகம் நெகிழ்வை மதிக்கவில்லை. ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியில், கிளவுஸ்தால் சுரங்கங்களில் தாதுப்பொருளை மேலே தூக்கும் இரும்புச் சங்கிலிகள் அடிக்கடி அறுந்து வந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி பழுதுபட்டால் முழுச் சங்கிலியும் பயனற்றுப்போம். வில்ஹெல்ம் அல்பேர்ட் என்னும் சுரங்க அதிகாரி 1834 ஆம் ஆண்டில், நான்கு கம்பிகள் கொண்ட மூன்று புரிகளை முறுக்கிக் கம்பிவடம் ஒன்றை அமைத்தார். ஒரு கம்பி அறுந்தாலும் ஏனையவை பாரத்தைத் தாங்கின. பெரும் பாலங்களும், மின்தூக்கிகளும், பாரந்தூக்கிகளும் அதன் வழித்தோன்றல்களே. கனத்த பொருளை மெல்ல மெல்ல இழுப்பதற்குக் கம்பிவடத்திற்கு நிகரில்லை. திடீரென இழுப்பதற்கோ அதனைப் போல் ஆகாததும் இல்லை. ஏனெனில் உருக்கு மிகச் சிறிதளவே நீளும்.

முதலாம் உலகப் போரில் மோட்டாரும் சேறும் முதன்முதலாகப் பெரும் அளவில் எதிர்ப்பட்டன. 1917 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பாசெண்டேல் களத்தில், இடைவிடாத மழையாலும் குண்டு வீச்சாலும் நிலம் கூழாகிக் கிடந்தது. ஆங்கு புதைந்த பிரித்தானியத் தாங்கிகள் பல. அக்காலத்து நான்காம் வகைத் தாங்கியின் முதுகில் பெரியதொரு மரத்தடி வைக்கப்பட்டிருந்தது. தாங்கி புதைந்ததும் இத்தடியைச் சங்கிலியால் இருபுறத்துப் பட்டைகளோடும் பிணைப்பர். பட்டை சுழலும்போது தடி அடியிற் சென்று ஊன்றுகோலாகி வண்டியை மேலேற்றும். நல்ல உபாயந்தான். ஆனால் எதிரியின் துப்பாக்கிக்கு முன்னே வெளியில் இறங்கி நின்று அச்சங்கிலியை மாட்டுதல் வேண்டும்!

சேற்றினும் மணல் வஞ்சகமானது. 1922 ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு 1923 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சகாரா பாலைவனத்தைக் கடந்த சித்ரோவன் மோட்டார்களுக்குப் பின் சக்கரங்களின் இடத்தில் இரப்பர்ப் பட்டைகள் பூட்டப்பட்டிருந்தன. சாதாரணச் சக்கரத்தைக் கொண்டே பாலைவனத்தை வென்ற பெருமை ரால்ப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரிக்கும் அவர்தம் தோழர்க்கும் உரியது. 1920 களில் எகிப்தில் பணியாற்றிய அவர், விடுமுறை நாள்களிற் போர்ட் மோட்டார்களில் லிபியப் பாலைவனத்துக்குட் சென்றார். இளமணலில் வண்டி புதைந்தால் வேகத்தைக் கூட்டுவது மூடத்தனம் என்பதும், ரயரின் காற்றைக் குறைத்தால் அது அகன்று மணலின்மேல் நடக்கும் என்பதும் அவர் பட்டறிந்த பாடங்கள். கெய்ரோவில் பழைய இரும்புக் கடையொன்றில் அவருக்குக் கிடைத்த உருக்குத் தகட்டு வாய்க்கால்கள், போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்டவை. அவற்றைச் சக்கரத்தின் முன்னே இட்டு வண்டியை ஏற்றுவது அவர்தம் வழக்கமாயிற்று. 1940 இல் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையினரும் இத்தகடுகளையே லொறிகளின் பக்கத்தில் தொங்கவிட்டுச் சென்றனர். மணல் வீசும் இயல்பைப் பற்றி 1941 இல் அவர் வெளியிட்ட நூல், செவ்வாய்க் கிரகத்து மணல் மேடுகளை ஆராய்வோர்க்கும் பின்னாளிற் பயன்பட்டது. புதைந்த வண்டியைத் தோண்டிய கைகளால் எழுதப்பட்ட விஞ்ஞான நூல் அது.

பாக்னோல்டின் முறையிற் கயிற்றுக்குப் பெரிய இடமில்லை என்பது உற்று நோக்கத்தக்கது. காரணம், அக்காலத்துக் கயிறுகளால் ஓடும் வண்டியைக் கொண்டு நிற்கும் வண்டியைச் சுண்டி இழுத்தல் இயலாது. இயலச் செய்தது ஒரு புதிய நார்.

அமெரிக்காவில் டெலவெயர் மாநிலத்து வில்மிங்டனில், டூபொன்ட் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞரின் குழுவினர் 1935 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நைலோனை ஆக்கினர். அதன் புகழைக் காணக் கரோதர்ஸ் இருக்கவில்லை. 1937 இல் அவர் இறந்தார். 1938 இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1940 இல் மகளிர் காலுறையாகக் கடைகளுக்கு வந்தது. 1942 இல் யப்பானியர் பிலிப்பைன் தீவுகளைக் கைப்பற்றியதும், மணிலாக் கயிற்றுக்குரிய நார் நேச நாடுகளுக்குக் கிட்டாதொழிந்தது. காலுறைக்கு வந்த நைலோன் பரசூட்டாகவும், கயிறாகவும் மாறிப் போர்க்களம் புகுந்தது.

அப்போரில் நைலோன் கயிறு செய்த வேலைகளுள் ஒன்று வியப்புக்குரியது. யந்திரமில்லாத மிதவை விமானங்கள் படைவீரரைச் சுமந்து சென்று வெளிகளில் இறங்கும். இறங்கியவை மீண்டும் எழ வழியில்லை. ஆகவே இரண்டு கம்பங்களின்மேல் நைலோன் கயிற்று வளையமொன்றை மாட்டி, அதன் மறுமுனையை மிதவை விமானத்தோடு பிணைத்து வைப்பர். மேலே பறந்து வரும் விமானம் நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்து, தன் கொளுக்கியால் அவ்வளையத்தைக் கவ்விக்கொண்டு செல்லும். நின்ற இடத்தில் நின்ற மிதவை விமானம் சில செக்கன்களுள் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டிவிடும். நெகிழாத கயிறாயின் அந்த ஒரு வெட்டில் மிதவை விமானத்தின் மூக்கே கழன்று போயிருக்கும். கயிறு நீண்டது, விமானத்தின் உள்ளே இருந்த உருளையும் தடையிட்டவாறு கம்பிவடத்தை விட்டுக் கொடுத்தது. வெட்டு மெல்லிய இழுப்பாக மாறிற்று. 1945 மார்ச்சில் ஜேர்மனியின் ரெமாகன் நகருக்கு அண்மையிலிருந்து காயப்பட்ட வீரர்கள் இம்முறையால் மீட்கப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் நியூகினியின் மலைகளுக்கிடையே 24 பேருடன் விமானமொன்று வீழ்ந்து மூவரே எஞ்சினர். பாதையற்ற அப்பள்ளத்தாக்கிலிருந்து, ஜூன் 28 ஆம் நாள், அம்மூவரும் இவ்வாறே வானத்துக்கு இழுக்கப்பட்டனர்.

போருக்குப் பின் 1941 இன் ஜீப்பும், 1948 இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவரும் பொதுமக்கள் கைக்கு வந்தன. பாலைவனமும் காடும் படைவீரர்க்கும் ஆய்வாளர்க்கும் மட்டும் உரியனவாயிருந்த காலம் கழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக அவுஸ்திரேலியாவில், நைலோனை அகன்ற பட்டியாக நெய்து இரு முனைகளிலும் கண் மடித்துத் தைத்த மீட்புப் பட்டி பரவலாயிற்று. வழக்கமான பட்டி 9 மீற்றர் நீளமுடையது. இழுக்கும்போது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீளும்.

அப்பட்டி வேலைசெய்யும் விதத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. இரண்டு தொன் நிறையுள்ள வண்டியொன்று மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கின்றது எனக் கொள்வோம். அதன் இயக்கசக்தி ஏறக்குறைய 7,700 யூல். அதனைக் கயிறு 10 சதமமீற்றருள் தடுத்து நிறுத்தினால் உண்டாகும் சராசரி விசை எட்டுத் தொன் நிறைக்குச் சற்றே குறைந்தது. அதே சக்தியை ஒன்றரை மீற்றர் நீண்டு கொடுத்து வாங்கிக்கொண்டால், விசை பதினைந்திலொரு பங்காகக் குறைகின்றது. வாங்கிய சக்தி வீணாவதில்லை. பட்டி சுருங்கும்போது அதனைப் புதைந்த வண்டிக்கு ஒப்படைக்கின்றது. சேற்றின் பிடி ஒரு குத்துக்கு விடுவதில்லை. தொடர்ந்த இழுப்புக்கே விடும்.

இனி, கடைக்குச் சென்றவரிடம் மீள்வோம். மிக வலிய பட்டியை அவர் வாங்கினால் நேர்வது யாது? இரண்டு தொன் வண்டிக்குப் பதினைந்து தொன் பட்டி பூட்டினால், அவ்வண்டியால் அதனைப் போதிய அளவு நீட்ட முடியாது. அது கம்பிவடம் போலாகிவிடும். பட்டி அறாது, வண்டியின் கொளுவிடமே பிய்ந்து வரும். மிக மெலிந்த பட்டியோ தானே அறும். ஆதலால் பட்டியின் அறுநிலைப் பாரம், இரு வண்டிகளுள் இலேசானதன் முழுச் சுமையுடன் கூடிய நிறையைப் போல் இரண்டு மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவுஸ்திரேலியாவில் வகுக்கப்பட்ட அளவு. இதனைப் பட்டியோடு எழுதி விற்க வேண்டும் என்பது அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதி. இரண்டரைத் தொன் வண்டிக்கு ஐந்து முதல் ஏழரைத் தொன் வரையுள்ள பட்டியே ஏற்றது. சுமையை நினைவிற் கொள்ளாது வெறும் வண்டியின் நிறையை மட்டும் கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. நீர்த்தாங்கியும், எரிபொருளும், பிள்ளைகுட்டிகளும், சமையற் பாத்திரங்களும் நிறையுள்ளவையே.

கடைகளில் நைலோன் பட்டிக்கு அருகிலேயே அதனை ஒத்த வேறு பட்டிகளும் தொங்கும். 1941 இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்ஸன் ஆகிய இருவர் கண்ட பொலியெஸ்டர் நார் நைலோனைப் போல் நீளாது. ஓடாத வண்டியைச் சமதரையில் மெல்லக் கட்டியிழுப்பதற்கும், மரத்தைச் சுற்றிக் கட்டி அதில் கப்பியை மாட்டுவதற்கும் அது உகந்தது. சுண்டி இழுப்பதற்கு அது உதவாது. அத்தகைய இழுவைப் பட்டிகள் பலவற்றின் முனைகளில் இரும்புக் கொளுக்கிகள் தைக்கப்பட்டிருக்கும். விலையும் குறைவு; மாட்டுவதும் எளிது. இரும்பு தைத்த எதனையும் மீட்புக்கு வாங்கலாகாது என்பதில் ஐயமில்லை. ஒரு கிலோகிராம் இரும்பு, மேற்சொன்ன சக்தியில் எட்டிலொரு பங்கைப் பெற்றாலும் மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். அது எந்தக் கண்ணாடியையும் மதிக்காது.

அச்சம் கொளுக்கியோடு முடிவதில்லை. வண்டியின் பின்னே இழுவைப் பெட்டியைப் பூட்டுவதற்குரிய உருண்டைக் குமிழில் பட்டியை மாட்டுவோர் உளர். அக்குமிழ் திடீர் வெட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. அது முறிந்து, பட்டியின் கண்ணோடு சேர்ந்து பின்வண்டியின் கண்ணாடியைத் துளைத்துச் சாரதியைக் கொன்ற விபத்துகள் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்துள்ளன. கப்பலில் வாகனத்தை அசையாமற் கட்டிவைப்பதற்காக அடியிற் பொருத்தப்படும் வளையங்களையும் சிலர் மீட்பு வளையங்களென மயங்குவர். அளவிட்டுச் செய்யப்பட்டு, அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட்ட மீட்பு வளையம் இல்லாத வண்டிக்குப் பட்டி வாங்குவதிற் பொருளில்லை; பட்டிக்கு முன் வளையத்தையே பார்த்தல் வேண்டும். ஒரு பட்டியின் நீளம் போதாதபோது இரண்டை இணைக்கவும் இரும்பு வளையத்தை நாடலாகாது. ஒன்றன் கண்ணுள் மற்றொன்றைக் கோத்து, நடுவே சுருட்டிய புதினத்தாளைச் செருகிவைத்தால் முடிச்சு இறுகிப்போகாது. இவ்வேலைக்குப் பழைய புதினத்தாளிலும் சிறந்த கருவியை எவரும் கண்டாரில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு நாரும் வந்துள்ளது. நெதர்லாந்தில் தோன்றிய இப்பொலியெதிலீன் நார், நிறைக்கு நிறை உருக்கினும் பன்மடங்கு வலியது, நீரில் மிதக்கும். ஆனால் நீள்வது அரிது. எனவே அது சுண்டி இழுக்கும் பட்டிக்கு ஆகாது. இரும்பு ஷக்கிளுக்குப் பதிலாக மாட்டும் கயிற்று வளையமாகவே சிறப்புடையது. அறுந்தாலும் கயிறாகவே விழும். பின்னலாகச் செய்த தடித்த நைலோன் கயிறுகளும் விற்கப்படுகின்றன. அவை பட்டியினும் மிகுதியாக, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரை நீளும், இழுப்பும் இதமானது. விலையோ பன்மடங்கு. நாள்தோறும் சேற்றில் உழல்வோர்க்கு அவை தகும். ஆண்டில் இரண்டொரு முறை செல்பவர்க்கு நிறைக்கேற்ற 9 மீற்றர்ப் பட்டி ஒன்று, அதன் நடுவே போர்க்க ஒரு கனத்த சாக்கு, காற்றளக்கும் கருவி ஒன்று, மண்வெட்டி ஒன்று ஆகியவை போதும். வேடிக்கை பார்ப்போரைப் பட்டியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விலக்கி, பக்கவாட்டிலே நிறுத்துதல் வேண்டும். ஊர்ப்புறங்களில் இதுவே மிகக் கடினமான வேலை; புதைந்த வண்டியைச் சுற்றிக் கூடாத கூட்டமில்லை.

பட்டி ஒருமுறை நீண்டபின் தன் பழைய அளவுக்கு மீளச் சிறிது நேரம் கொள்ளும். அடுத்தடுத்து இழுத்தால் அதன் நெகிழ்வு குன்றும், சூடும் ஏறும். நனைந்த நைலோன் பத்திலொரு பங்குக்கும் மேலாக வலிமை இழப்பதும் உண்டு. நாருக்குள் நுழைந்த மணற்றுகள் ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியாக நின்று அறுக்கும். ஆகவே வீடு திரும்பியதும் நல்ல நீரில் அலசி, வெயிலிற் போடாது நிழலில் உலர்த்துவர். ஓரத்திற் சிறு வெட்டு விழுந்த பட்டியை, அனுபவமுள்ளோர் மறுமுறை வண்டியில் ஏற்றுவதில்லை. அதனைத் துண்டு துண்டாக வெட்டி, வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தாதவாறு எறிந்துவிடுவர்.